ஜெபக் குறிப்பேடும் விசுவாசமும்: ஹாலே முதல் பிரிஸ்டல் வரை

நமது சபைகளின் பழைய பெட்டிகளைத் திறந்து பார்ப்போருக்கு அங்கே என்னென்ன கிடைக்கும் என்பது தெரியும். ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு, காணிக்கைக் கணக்கு, கமிட்டியின் தீர்மானப் புத்தகம் ஆகியவை செல்லரித்த நிலையிலாவது இருக்கும். ஆனால் அச்சபை எதை முன்னிட்டு ஜெபித்தது, எப்பொழுது ஜெபித்தது, அந்த ஜெபம் என்ன ஆயிற்று என்பதற்கு அங்கே ஒரு தாளும் இராது. ஜெபமே திருச்சபையின் மூச்சு என்று பிரசங்கிக்கிற நாம், அந்த மூச்சைத் தவிர மற்ற அனைத்தையும் எழுதி வைத்திருக்கிறோம்.

ஜெபத்தை எழுதி வைப்பது வேதாகமத்திற்கு அந்நியமான பழக்கமன்று. அமலேக்கியருடன் நடந்த போரில் மோசே கைகளை உயர்த்தி நின்ற நாளின் முடிவில், நடந்ததைப் புத்தகத்தில் எழுதும்படி அவருக்குக் கட்டளை உண்டாயிற்று (யாத். 17:14). சாமுவேல் மிஸ்பாவுக்கும் சேணுக்கும் நடுவே நிறுத்திய எபெனேசர் கல்லும் ஒரு பதிவே. அது கல்லில் செய்யப்பட்டது, அவ்வளவே. 102ஆம் சங்கீதம் துன்பப்படுகிறவனுடைய விண்ணப்பம் என்னும் தலைப்புடன் தொடங்கி, இனிப் பிறக்கவிருக்கும் ஜனத்திற்காக இது எழுதப்படட்டும் என்னும் எண்ணத்திற்கு வந்து சேருகிறது. சங்கீதப் புத்தகம் முழுவதையுமே இஸ்ரவேலின் ஜெபக் குறிப்பேடு எனக் கூறினும் பொருந்தும். அதில் விடை கிடைத்த ஜெபங்களும் உண்டு. 88ஆம் சங்கீதத்தைப் போல இருளிலேயே முடிந்து நிற்கிற ஜெபங்களும் உண்டு. அவ்விரண்டையும் ஒரே சுருளில் வைத்துக்கொள்ள இஸ்ரவேல் தயங்கவில்லை என்பதை இக்கட்டுரையின் பிற்பகுதிக்காக நாம் மனத்தில் வைத்திருப்போமாக.

இப்பழக்கத்தின் வரலாற்றை முழுவதும் எழுதுவது இங்கே நோக்கமன்று. அகுஸ்தீனுடைய அறிக்கைகளிலும், பியூரிட்டானியரின் நாட்குறிப்புகளிலும், ஜோனதான் எட்வர்ட்ஸ் 1749இல் வெளியிட்ட டேவிட் பிரெய்னர்டின் வாழ்க்கைக் குறிப்பிலும் அதன் கிளைகளைக் காணலாம். நாம் ஒரே ஒரு மனிதரின் குறிப்பேட்டை எடுத்துக்கொள்வோம். பிரிஸ்டல் நகரில் அனாதைப் பிள்ளைகளின் இல்லங்களை நடத்திய ஜார்ஜ் முல்லருடையது அது. அவர் பெயர் நம் பிரசங்க பீடங்களில் அடிக்கடி கேட்கப்படுகிறது. எனினும் அவர் எழுதி வைத்தது எப்படிப்பட்ட பதிவு என்பதை ஆராய்ந்தவர் சிலரே.

ஹாலேயின் மரபு

முல்லரைப் பற்றிப் பேசுமுன் ஹாலே நகரத்தைப் பற்றிப் பேச வேண்டும். 1695ஆம் ஆண்டில் அகுஸ்து ஹெர்மான் பிராங்கே என்னும் குருவானவர் தம் வீட்டில் வைத்திருந்த தருமப் பெட்டியில் நான்கு தாலரும் பதினாறு குரோஷனும் இருக்கக் கண்டார். அச்சிறு தொகையைக் கொண்டு ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். அது வளர்ந்து, 1698இல் அடிக்கல் நாட்டப்பட்ட பெரிய அனாதை இல்லமாயிற்று. பிராங்கே இதைச் செய்ததோடு நில்லாமல், எந்த நெருக்கத்தில் என்ன உதவி எவ்விதமாக வந்தது என்பதை எழுதி 1701 முதல் அச்சில் வெளியிட்டார். கடவுளின் அடிச்சுவடுகளைத் தேடிக் காண்பதே அந்நூலின் நோக்கம். பக்திநெறி இயக்கத்தாரிடையே இவ்வாறு ஒரு மரபு உருவாயிற்று: கேட்டதை எழுது, பெற்றதை எழுது, பிறர் அறியும்படி வெளியிடு.

இந்த மரபு நமக்குத் தொலைவானதன்று. 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவும் புளூட்சோவும் ஹாலேயின் புதல்வர்கள். அவர்களும் அவர்களுக்குப் பின் வந்தோரும் நாட்குறிப்பு எழுதி ஹாலேக்கு அனுப்பினர். 1710 முதல் அவை தொடர்ச்சியாக அச்சிடப்பட்டன. ஆயினும், அச்சிடப்பட்டது எழுதப்பட்டது முழுவதும் அன்று. ஆதரவாளர்களின் மனம் சலிக்கக்கூடியவற்றை ஹாலேயின் பதிப்பாளர்கள் நீக்கினர். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் சீகன்பால்கு எழுதி அனுப்பிய பெருநூல் அச்சேறாமல் கிடந்து, 1867இல்தான் சென்னையில் வெளிவந்தது. எந்தப் பக்திப் பதிவை வாசிக்கும்போதும் இதை நினைவில் கொள்ளுதல் நலம். எழுதினவன் ஒருவன், அதை வெளியிடத் தக்கதென்று தெரிந்தெடுத்தவன் வேறொருவனாக இருக்கலாம்.

கணக்கில் பொய் எழுதின சிறுவன்

ஜார்ஜ் முல்லர் 1805ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் பிரஷ்ய நாட்டின் குரோப்பன்ஸ்டெட் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை வரி வசூலிக்கும் அலுவலர். மகன் அவர் வசூலித்து வைத்த அரசாங்கப் பணத்திலேயே திருடினான். தனக்குக் கொடுக்கப்பட்ட பணத்திற்குக் கணக்குக் கேட்கப்பட்டபோது, பொய்க் கணக்கு எழுதிக் காட்டினான். பதினாறாம் வயதில், விடுதிக்குக் கொடுக்க வேண்டிய பணத்தைக் கொடாமல் ஏமாற்ற முயன்று, 1821 டிசம்பரில் சிறையிலடைக்கப்பட்டு ஏறத்தாழ ஒரு மாதம் அங்கே இருந்தான். இவற்றையெல்லாம் நாம் அறிவது அவரே தம் நூலின் முதற் பக்கங்களில் எழுதி வைத்ததனால்தான். பிற்காலத்தில் பென்சுக் காசு ஒவ்வொன்றுக்கும் தேதியிட்டுக் கணக்கெழுதிய கை, ஒரு காலத்தில் கணக்கில் பொய் எழுதிய கை. அவருடைய குறிப்பேட்டின் மிதமிஞ்சிய துல்லியத்தைக் கண்டு அலுத்துப் போகிற வாசகர் இதை மறக்கலாகாது. அத்துல்லியம் அவருக்கு மனந்திரும்புதலின் கனியாயிருந்தது என்பது என் கருத்து.

குருத்துவக் கல்விக்காக ஹாலே பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்த அவர், 1825 நவம்பரில் ஒரு வீட்டில் நடந்த சிறிய ஜெபக்கூட்டத்திற்குச் சென்றார். அங்கே ஒருவர் முழங்காற்படியிட்டு ஜெபிப்பதைக் கண்டது அவர் வாழ்வைத் திருப்பியது. ஏழை இறையியல் மாணவருக்கென்று பிராங்கேயின் அனாதை இல்லத்தில் ஒதுக்கப்பட்டிருந்த அறைகளில் அவர் சில காலம் தங்கியதும் உண்டு. 1829இல் இலண்டனுக்கு வந்து, 1830இல் டெயின்மவுத் என்னும் கடற்கரை ஊரில் ஒரு சிறு சபைக்குப் போதகரானார். அவ்வாண்டு அக்டோபரில் மேரி குரோவ்ஸ் அம்மையாரை மணந்தார். அம்மையாரின் தமையனாரை நாம் பின்னர்ச் சந்திப்போம். மணமான சில வாரங்களுக்குள் முல்லர் நிலையான சம்பளத்தைத் துறந்தார். 1832இல் தம் நண்பர் ஹென்றி கிரெய்க்குடன் பிரிஸ்டலுக்குக் குடிபெயர்ந்தார்.

1835 நவம்பரில் ஒரு வீட்டில் பிராங்கேயின் வாழ்க்கை வரலாற்றை வாசிக்க நேர்ந்தபோது, பழைய எண்ணம் ஒன்று மறுபடியும் எழுந்தது. டிசம்பர் 5ஆம் நாள், 81ஆம் சங்கீதத்தின் 10ஆம் வசனத்தை வாசித்தவர், அதுவரை அனாதை இல்லம் கடவுளுக்குச் சித்தமா என்று மட்டுமே கேட்டு வந்ததை விட்டு, அதற்கு வேண்டியவற்றையே கேட்கத் தொடங்கினார். வீடு வேண்டும், ஆயிரம் பவுன் வேண்டும், பிள்ளைகளைப் பராமரிக்கத் தகுந்தவர்கள் வேண்டும் என்று எழுதி வைத்தார். அவருடைய நோக்கம் பிள்ளைகளுக்கு உணவளிப்பது மாத்திரமன்று என்பதையும் ஒளிக்காமல் எழுதினார். கடவுள் இன்றும் ஜெபத்தைக் கேட்கிறவர் என்பதற்குக் கண்கூடான சான்று ஒன்று, விசுவாசத்தில் தளர்ந்தவர்களின் கண்முன் நிற்க வேண்டும் என்பதே முதல் நோக்கம். ஆகவே அவருடைய பணியில் எழுத்து பின்னால் சேர்ந்த ஒட்டு அன்று. பதிவு இல்லாவிடில் அப்பணியின் பாதி இல்லை.

கேட்க மறந்தது

இக்குறிப்பேட்டில் என்னை மிகவும் கவர்ந்த நிகழ்ச்சி ஒரு வெற்றியன்று. வீடு கிடைத்தது, தட்டுமுட்டுச் சாமான்களும் உடைகளும் வந்தன, உழைக்க முன்வந்தவர்களும் கிடைத்தனர். 1836 பிப்ரவரி 3ஆம் நாள் பிள்ளைகளுக்கான விண்ணப்பங்களைப் பெறும் நாளென்று அறிவிக்கப்பட்டிருந்தது. முல்லர் காத்திருந்தார், ஒருவரும் வரவில்லை. வீடு திரும்புகையில் தாம் ஜெபித்தவற்றை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். பணத்துக்காக ஜெபித்திருந்தார், வீட்டுக்காக ஜெபித்திருந்தார், பணிவிடைக்காரருக்காக ஜெபித்திருந்தார். பிள்ளைகளைத் தரும்படி மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை. பிள்ளைகள் ஏராளமாக வருவார்கள் என்பதில் ஐயமே இல்லாதிருந்ததால் அது ஜெபத்துக்குரிய காரியமாகவே அவருக்குத் தோன்றவில்லை. அன்று மாலை அவர் அதற்காக மன்றாடினார். மறுநாள் முதல் விண்ணப்பம் வந்தது. ஏப்ரலில் வில்சன் தெருவில் இல்லம் திறக்கப்பட்டது.

கேட்டவற்றை வரிசையாக நினைவில் கொண்டிருந்த மனிதருக்கே கேளாததும் புலப்படும். எழுதாமல் ஜெபிக்கிறவர் தாம் எல்லாவற்றிற்காகவும் ஜெபித்துவிட்டதாகவே எண்ணிக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் ஏறெடுக்கும் பொது மன்றாட்டுகளை மூன்று மாத காலம் ஒருவர் அப்படியே எழுதி வைத்துப் பார்ப்பாராகில், எந்தத் தெருவும் எந்த வகுப்பாரும் எந்தத் துன்பமும் நம் ஜெபத்தில் ஒருமுறையும் இடம் பெறவில்லை என்பது வெளிப்படும். முல்லருக்கு அது ஒரே மாலையில் வெளிப்பட்டது.

ஆயிரம் பவுன் வந்து சேர்ந்த வரலாறும் கவனிக்கத்தக்கது. முதலில் கேட்ட நாளிலிருந்து பதினெட்டு மாதங்களும் பத்து நாட்களும் நாள்தோறும் அதற்காக விண்ணப்பித்ததாக அவர் கணக்கிட்டு எழுதுகிறார். 1837 ஜூன் 15ஆம் நாள் அத்தொகை நிறைவாயிற்று. அப்பொழுது அவருடைய நூலின் முதற் பாகம் அச்சில் இருந்தது. நூல் வெளிவருமுன்பே தொகை நிறைவாக வேண்டும் என்பது அவருடைய விருப்பம். புத்தகத்தை வாசித்தவர்கள் கொடுத்தார்கள் என்ற பேச்சுக்கு இடமிருக்கலாகாது என்று அவர் எண்ணினார். தம் பதிவே தம் சாட்சியைக் கெடுக்கக்கூடும் என்பதை முதற் பாகத்திலேயே அவர் அறிந்திருந்தார்.

சில்லறைக் காசுகளின் வரலாறு

முதலிரண்டு ஆண்டுகளில் பெரிய நெருக்கடி இல்லை. 1838ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பணப்பெட்டி வெறுமையாயிற்று. அதுமுதல் சில ஆண்டுகளுக்கு அவருடைய குறிப்பேடு ஷில்லிங்குகளும் பென்சுகளுமாகவே செல்கிறது. இன்று காலை பாலுக்கு இவ்வளவு தேவை, நண்பகலுக்குள் இவ்வளவு வந்தது, உடனுழைப்பவர் ஒருவர் தம் கையிலிருந்த சில காசுகளைக் கொடுத்தார் என்ற வகையிலேயே பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருக்கிறது. வாசிக்க அலுப்பூட்டும் பக்கங்கள் இவை. ஆயினும் அவற்றின் உண்மை அந்த அலுப்பில்தான் இருக்கிறது. கடன் வாங்குவதில்லை என்பது அவர்கள் விதி. ஆதலால் ஒவ்வொரு நாளும் அன்றன்றைக்குரிய அப்பத்தின் நாளாயிற்று.

1838 செப்டம்பர் 18ஆம் நாள், கையில் ஒன்றுமில்லாத வேளையில், இலண்டனிலிருந்து வந்திருந்த ஓர் அம்மையார் மூன்று பவுன் இரண்டு ஷில்லிங் ஆறு பென்சு கொண்டுவந்து கொடுத்தார். அது அவருடைய மகள் கொடுத்தனுப்பியது. அம்மையார் ஆண் பிள்ளைகளின் இல்லத்திற்கு அடுத்த வீட்டிலேயே சில நாட்களாகத் தங்கியிருந்தார். பணமும் அத்தனை நாளும் அவரிடம் இருந்தது. சாதாரணமாக இத்தகைய நிகழ்ச்சியைச் சொல்லுகிறவர் கடைசி நிமிடத்தின் வியப்போடு நிறுத்திக்கொள்வார். முல்லர் வேறொன்றை எழுதுகிறார். பணம் பல நாட்களாக அத்தனை அருகில் இருந்தும் கொடுக்கப்படாதிருந்ததே, உதவுவது தொடக்கமுதல் கடவுளின் சித்தமாயிருந்தது என்பதற்குச் சான்று. ஆனால் நம் ஜெபத்தில் அவர் பிரியப்படுகிறவராதலால் நாம் இன்னும் ஜெபிக்கும்படி அதைத் தாமதித்தார் என்பது அவர் விளக்கம். இவ்விளக்கத்தை ஏற்பதில் சிலருக்குத் தயக்கம் இருக்கலாம். ஆனால் நடந்ததை எழுதுவதோடு நில்லாமல், அதைக் குறித்துச் சிந்திக்கவும் குறிப்பேடு அவரைக் கட்டாயப்படுத்தியது என்பது தெளிவு.

இங்கே ஓர் எச்சரிக்கை. முல்லரைப் பற்றி நம் மேடைகளில் மிகுதியாகச் சொல்லப்படும் கதை, வெறும் தட்டுகளுக்கு முன்பாகப் பிள்ளைகள் நிற்க, அவர் நன்றி செலுத்தி முடித்தவுடன் ரொட்டிக்காரர் கதவைத் தட்டியதும் பால்வண்டி வாசலில் முறிந்து நின்றதுமான கதையே. அது வந்தது முல்லரின் குறிப்பேட்டு வழியாக அன்று. சிறுமியாக அவ்விடத்தை அறிந்திருந்த ஒருவரின் பிற்கால நினைவின் வழியாக. அது பொய்யென்று நான் சொல்லவில்லை. ஆனால் குறிப்பேட்டை வாசித்த பின் அக்கதையைக் கேட்கிறவருக்கு ஒரு வேற்றுமை உறைக்கும். நினைவு சம்பவத்தை நாடகமாக்குகிறது. அன்றன்று எழுதப்பட்டது அதைச் சில்லறைக் காசாகவே விட்டு வைக்கிறது. இளம் போதகர்கள் பிரசங்க உதாரணங்களைத் தேடும்போது இரண்டாவதை நாடுவது நலம்.

1857ஆம் ஆண்டின் கொதிகலன் நிகழ்ச்சியும் இவ்வகையைச் சேர்ந்தது. குளிர்காலத் தொடக்கத்தில் முதலாம் இல்லத்தைச் சூடாக்கும் கொதிகலன் ஒழுகத் தொடங்கியது. அதைப் பழுதுபார்க்க நெருப்பை அணைக்க வேண்டும். சிறு பிள்ளைகள் குளிரில் வாடுவர். நாள் குறித்தபின் வாடைக்காற்று வீசத் தொடங்கியது. முல்லர் இரண்டு காரியங்களைக் கேட்டார்: காற்று தெற்கிலிருந்து வீச வேண்டும், நெகேமியாவின் காலத்தில் போல வேலையாட்களுக்கு வேலை செய்ய மனமுண்டாக வேண்டும். குறித்த நாளில் தென்காற்று வீசியது. வேலையாட்கள் இரவு முழுவதும் வேலை செய்யத் தாங்களே முன்வந்தனர். இதில் அவர் கேட்டதின் திட்டவட்டத்தை நோக்குக. காற்றின் திசையைப் பெயர் சொல்லிக் கேட்கிறார். எழுதி வைக்கிறவருக்கு மழுப்பலாக ஜெபிப்பது கடினமாகிவிடுகிறது. ஆசீர்வதியும் என்று மட்டும் எழுதி வைத்தால், பதில் வந்ததா இல்லையா என்று எதைக் கொண்டு குறிப்பது?

ஓர் ஆட்சேபம்

முல்லர் மனிதரிடம் ஒன்றும் கேட்பதில்லை, கடவுளிடம் மட்டுமே கேட்கிறார் என்று சொல்லப்பட்டது. ஆனால் அவர் ஆண்டறிக்கைகளை அச்சிட்டுப் பரப்பினார். பணம் தீர்ந்துபோன நாட்களையும், அது வந்து சேர்ந்த விதத்தையும் அவ்வளவு விரிவாக எழுதிய அறிக்கையைக் காட்டிலும் வல்லமையான விண்ணப்பக் கடிதம் உண்டோ என்று அவர் காலத்திலேயே கேட்கப்பட்டது. இவ்வாட்சேபத்தை நாம் எளிதில் தள்ளிவிடக் கூடாது. அறிக்கைகளை வாசித்தவர்கள் கொடுத்தார்கள் என்பது உண்மை. அவருடைய நூல்களே அதற்குச் சாட்சி.

ஆயினும் 1841ஆம் ஆண்டின் இறுதியில் நடந்ததை இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஆண்டுக் கூட்டங்கள் கூட வேண்டிய காலம். அறிக்கை வெளிவர வேண்டிய காலம். அப்போது கையில் ஏதுமில்லை. அந்நிலையில் அறிக்கை வெளியிடுவது மறைமுகமாகக் கை நீட்டுவதாகும் என்று கருதி, கூட்டங்களையும் அறிக்கையையும் ஒத்திவைத்தார். அதைத் தொடர்ந்த நான்கு மாதங்கள், 1841 டிசம்பர் 12 முதல் 1842 ஏப்ரல் 12 வரை, தம் பணியின் மிகக் கடுமையான சோதனைக் காலமாயிருந்ததாக அவர் பதிவு செய்கிறார். கொடுத்தவர்களின் பெயர்களையும் அவர் அச்சிடுவதில்லை. ஆகவே பதிவு விளம்பரமாக மாறும் ஆபத்து அவருக்குத் தெரியாமலில்லை. அதற்கு விலை கொடுத்தே விலகி நின்றார். அந்த ஆபத்து முற்றும் நீங்கிற்று என்று கூற நான் துணியேன். விசுவாசத்தின் பதிவேட்டை அச்சிட்டு நன்கொடையாளருக்கு அனுப்புகிற எந்த ஊழியத்திற்கும், அன்று அவர் தம்மைக் கேட்டுக்கொண்ட கேள்வி பொருந்தும். பணம் இல்லாதபோது அறிக்கையை நிறுத்தி வைக்க நமக்குத் துணிவுண்டோ?

பணி வளர்ந்ததை விரைந்து சொல்லிவிடலாம். 1845 அக்டோபரில் வில்சன் தெருவில் அண்டை வீட்டார் ஒருவர் குறை கூறிக் கடிதம் எழுதினார். முல்லர் நகரத்துக்கு வெளியே பெரிய இல்லம் கட்ட ஜெபிக்கத் தொடங்கி, முப்பத்தாறாம் நாளாகிய டிசம்பர் 10இல் ஆயிரம் பவுனைப் பெற்றார். 1849 முதல் 1870 வரை ஆஷ்லி டவுன் மேட்டில் ஐந்து பெரிய இல்லங்கள் எழும்பின. 2,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு அங்கே இடமிருந்தது. அவர் வாழ்நாளில் ஏறத்தாழ 10,000 பிள்ளைகள் அவ்வில்லங்களில் வளர்ந்தனர்.

குறிப்பேடு செய்த பிரயாணம்

முல்லரின் நூல் அயர்லாந்தின் வட பகுதியிலிருந்த ஓர் இளைஞன் கையில் அகப்பட்டது. ஜேம்ஸ் மக்குவில்கின் என்னும் அவன், இம்மனிதருக்கு ஜெபத்தினால் இவையெல்லாம் கிடைக்குமாயின் நாமும் ஏன் ஜெபிக்கலாகாது என்று எண்ணினான். 1857 செப்டம்பரில் கெல்ஸ் என்னும் ஊரில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் அவனும் நண்பர் மூவரும் வாரந்தோறும் ஜெபிக்கத் தொடங்கினர். 1859ஆம் ஆண்டின் அல்ஸ்டர் எழுப்புதல் வரலாறு இந்தக் கூட்டத்தை அதன் ஊற்றுகளில் ஒன்றாகக் குறிப்பிடுகிறது.

இதன் அலை தமிழ்நாட்டின் தென்கோடி வரை வந்தது. முன்னர்க் குறிப்பிட்ட முல்லரின் மைத்துனர் அந்தோனி நாரிஸ் குரோவ்ஸ், எக்சிட்டர் நகரில் பல் மருத்துவராயிருந்து, அத்தொழிலைத் துறந்து, 1829இல் பாக்தாத்துக்கு மிஷனெரியாகச் சென்றவர். 1831இல் அங்கே பரவிய கொள்ளைநோயில் மனைவியை இழந்தார். அந்நாட்களில் அவர் எழுதிய நாட்குறிப்பும் அச்சாயிற்று. 1833இல் இந்தியாவுக்கு வந்த குரோவ்ஸ் திருநெல்வேலியில் இரேனியுஸ் ஐயரைச் சந்தித்தார். இரேனியுஸிடம் பயின்ற ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் என்னும் இளைஞர் குரோவ்ஸின் உடன் ஊழியரானார். 1840இல் அருளப்பன் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் இடைப்பட்ட நாட்டில் கிறிஸ்தியான்பேட்டையை நிறுவினார். அவ்வேளையில் நிலையான சம்பளத்தை அவர் ஏற்க மறுத்தார். கூலிக்காகப் பிரசங்கிக்கிறான் என்று ஜனங்கள் சொல்வதை நிறுத்தமாட்டார்கள் என்பது அவர் கூறிய காரணம். டெயின்மவுத்தில் 1830இல் முல்லர் செய்ததும் கிறிஸ்தியான்பேட்டையில் 1840இல் அருளப்பன் செய்ததும் ஒரே செயல். ஆனால் பின்னவர் கூறிய காரணம் இந்த மண்ணின் காரணம். அவரைச் சூழ்ந்திருந்தோரின் பேச்சைக் காதால் கேட்டு எழுந்த காரணம்.

அருளப்பனும் நாட்குறிப்பு எழுதினார். பிறநாட்டு எழுப்புதல்களின் செய்தி எட்டியபின், 1860 மார்ச்சில் அவருடைய ஊழிய எல்லையில் தொடங்கிய எழுப்புதலை நாள்வாரியாக நாம் அறிவது அந்தக் குறிப்புகளாலும் கடிதங்களாலுமே. அவர் 1867இல் காலமானார். அக்குறிப்புகளின் பகுதிகளைத் தொகுத்து ஜி. எச். லாங் என்பவர் 1939இல் இங்கிலாந்தில் ஆங்கில நூலாக வெளியிட்டார். திருநெல்வேலித் திருச்சபையின் வரலாற்றில் மிஷனெரிகளின் அறிக்கைகளுக்குக் குறைவில்லை. ஒரு தமிழ் ஊழியர் தம் நாட்களையும் தம் ஜெபங்களையும் தாமே பதிவு செய்து, அது அழியாமல் கிடைத்திருப்பது அரிது. அவருடைய காலத்து உபதேசிமார் நூற்றுக்கணக்கானோர் வயல்வரப்புகளில் நடந்து ஜெபித்த ஜெபங்களுக்குப் பதிவில்லை. எனவே வரலாற்று வகுப்பில் நாம் அவர்களைப் பிறருடைய அறிக்கைகளின் ஓரங்களிலேதான் தேட வேண்டியிருக்கிறது.

விடை எழுதப்படாத பக்கம்

பதிவு விசுவாசத்தை வளர்க்கும் என்று கூறுகிறவர்கள் பெரும்பாலும் விடை கிடைத்த ஜெபங்களையே நினைத்துக் கூறுகிறார்கள். விடை கிடைக்காதவற்றையும் எழுதி வைத்தால் அதே பதிவு விசுவாசத்தைத் தளர்த்தாதோ என்பது மாணவர்கள் கேட்கும் கேள்வி, நேர்மையான கேள்வி. முல்லரின் பதிவில் மரணங்களும் உண்டு. 1835 ஜூன் மாதத்தில் சில நாட்களுக்குள் மாமனாரையும், கைக்குழந்தையாயிருந்த மகன் எலியாவையும் அவர் அடக்கம் செய்தார். 1870 பிப்ரவரி 6இல் நாற்பதாண்டுக் காலத்துணையான மேரி அம்மையார் காலமானார். அவர் நினைவாக நடந்த ஆராதனையில் முல்லரே பிரசங்கித்தார். எடுத்துக்கொண்டது கடவுள் நல்லவரும் நன்மை செய்கிறவருமாயிருக்கிறார் என்று அறிக்கையிடும் சங்கீதம் 119:68. அம்மையாரின் நோயின்போது அவர் என்ன கேட்டார் என்பதை ஊகிக்க முடியும். அவர் கேட்ட விதமாக அது முடியவில்லை.

எனினும் இவற்றைக் காட்டிலும் ஆழமானது ஐந்து பேரின் காரியம். 1844 நவம்பரில் அவர் ஐந்து பேருடைய மனந்திரும்புதலுக்காக ஜெபிக்கத் தொடங்கினார். நோயானாலும் சுகமானாலும், தரையிலோ கடலிலோ, பிரசங்க வேலை எவ்வளவு நெருக்கினாலும், ஒருநாளும் விடவில்லை என்கிறார். பதினெட்டு மாதங்கள் கழித்து முதலாமவர் மனந்திரும்பினார். அதன்பின் ஐந்தாண்டுகள் சென்று இரண்டாமவர். மேலும் ஆறாண்டுகள் சென்று மூன்றாமவர். ஒவ்வொரு முறையும் நன்றி செலுத்தி, எஞ்சியவர்களுக்காகத் தொடர்ந்து ஜெபித்தார். ஏறத்தாழ முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, இதை ஒரு பிரசங்கத்தில் சொன்னபோது, இருவர் இன்னும் மனந்திரும்பாதவர்களாகவே இருந்தனர். அதையும் அவர் மறைக்காமல் சொன்னார். அந்த ஐவர் யாரென்று மட்டும் அவர் வெளியிடவில்லை. பிறருடைய ஆத்துமாவைக் குறித்த ஜெபத்தை எழுதுகிறவர் கவனிக்க வேண்டிய மரியாதை அது. நம் ஜெபக்குழுக்களில் பெயர்ப் பட்டியல்கள் கைமாறுவதைக் காணும்போது இதை எண்ணிக்கொள்வேன்.

தேதியில்லாத நினைவு நான்காமவரையும் ஐந்தாமவரையும் கைவிட்டிருக்கும். அதுவே நினைவின் இயல்பு. சில ஆண்டுகளில் அவ்விரண்டு பெயர்களும் ஜெபத்திலிருந்து தாமே நழுவிப்போயிருக்கும். அது குறித்து வருந்துவாரும் இருந்திருக்கமாட்டார். எழுதப்பட்ட தேதி அவரை விடவில்லை. விடை கிடைத்த ஆயிரக்கணக்கான வேண்டுதல்கள் அவருக்கு நம்பிக்கையைத் தந்தன என்பது உண்மையே. ஆனால் அவரை நாள்தோறும் முழங்காலில் நிறுத்தியவை விடை வராத இவ்விரண்டு வேண்டுதல்கள் அல்லவோ? 88ஆம் சங்கீதத்தைச் சுருளிலிருந்து கிழித்தெறியாத இஸ்ரவேலும் இவ்வழியையே பின்பற்றியிருந்தது.

1898 மார்ச் 9ஆம் நாள் புதன்கிழமை மாலை, தொண்ணூற்றிரண்டு வயதான முல்லர் ஆஷ்லி டவுனில் வழக்கமான ஜெபக்கூட்டத்தை நடத்திவிட்டு அறைக்குச் சென்றார். மறுநாள் காலை அவர் அறையில் இறந்திருக்கக் கண்டனர்.